பல் குழிக்குள் வைத்த புகையிலை

என் கணவரின் வாய்க்குள் நான் முதன்முதலாக எட்டிப் பார்த்தது, கல்யாணமாகி நான்கு வருடம் கழித்து, போன் டோர்ச் வெளிச்சத்தில். அதற்கு முன் அப்படியொரு தேவை வரவில்லை. சிரிப்பார், பேசுவார், வெற்றிலை மெல்லுவார். அந்த வாய்க்குள் என்ன நடக்கிறது என்று யார் யோசிப்பார்கள்? மகள் சஹானாவின் வாயை மட்டும் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அப்போது பின் பற்கள் முளைக்கிற நேரம்.

இப்போது அவர் நன்றாக இருக்கிறார். பல் பிடுங்கிக்கொண்டு, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்புகிறவர்கள் எங்கள் பக்கத்தில் சாதாரணமாகச் செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு. அதைப் பற்றி எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுது டீச்சரம்மா. என் பேரை மட்டும் போட்டுறாத" என்றார். நான் நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முன்பள்ளி ஆசிரியை. அதனால் வீட்டிலும் எனக்கு டீச்சரம்மா என்றுதான் பட்டம். அவர் அதே தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். பேரை விட்டுவிடுகிறேன்.

முதலில் ஒரு காலை அவருடைய வலது தாடை வீங்கியிருந்தது. ரொட்டியைப் பிய்த்து வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே வைத்துவிட்டார். வாய் ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. "காத்து அடிச்சிருக்கும்" என்றார். கிராம்பு வைத்தார். அதற்கு மேல் ஒரு கிள்ளு புகையிலையை அடக்கிக்கொண்டார். மரத்துப் போனதும் வேலைக்குக் கிளம்பிவிட்டார். நான் முன்பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தபடி, காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, இன்றைக்கே கூட்டிப் போயிருக்க வேண்டுமோ, சும்மா பயப்படுகிறேனோ என்று மாறி மாறி யோசித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அவர் வந்தபோது வீக்கம் கழுத்து வரை இறங்கியிருந்தது. மறுநாள் முதல் பஸ்ஸில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

பல் கிளினிக் வரிசையில் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சஹானா ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுத் தானும் ஒரு கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். வலியோடு இருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள்.

டொக்டர் தென்பகுதியிலிருந்து வந்த சிங்களப் பெண். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். பாதி தமிழும் பாதி சிங்களமுமாகப் பேசினார். என் கணவரை 'மல்லி' என்றும் என்னை 'நங்கி' என்றும் கூப்பிட்டார், தம்பி, தங்கச்சி என்பதுபோல. சிங்களத்தில் சொன்னதை நான்தான் அவருக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொன்றையும் சரியாகச் சொன்னேனா என்று எனக்கு இன்றும் சந்தேகம் வரும்.

எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மற்றப் பற்கள் வரிசையாக நின்றன. கடைசிப் பல் மட்டும், தொட்டிலுக்குள் குறுக்கே படுத்துக்கொண்ட பிள்ளை மாதிரி, எலும்புக்குள் சாய்ந்து கிடந்து முன்னால் இருந்த பல்லை முட்டிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டே நின்றேன். இத்தனை வருடம் இந்த மனிதரோடு சேர்ந்து மலை ஏறி இறங்கிய ஒன்று, யாருக்கும் தெரியாமல் உள்ளே இப்படிப் படுத்திருந்திருக்கிறது.

"இது ஞானப் பல். வர இடமில்ல. மேல இருக்கிற சதைக்குக் கீழ சாப்பாடு போய், கிருமி சேர்ந்து வீங்கியிருக்கு. மருந்து குடிச்சு வீக்கம் வடிஞ்ச பிறகு எடுக்கலாம். மற்றப் பக்கமும் ஒண்ணு இருக்கு, அது பிறகு" என்றார் டொக்டர்.

"ஞானப் பல்லா? எனக்கா?" என்று அவர் பல்லைக் கடித்தபடியே கேட்டார். "ஆள் மாறி வந்திருச்சிங்க டொக்டர். டீச்சருக்கு வரவேண்டியது."

டொக்டர் சிரித்துவிட்டு, எழுதிக்கொண்டே கேட்டார். "மல்லி சிகரெட், பீடி குடிக்கிறதா?"

"இல்லைங்க டொக்டர்."

நானும் பெருமையாகச் சொன்னேன். "அவருக்கு அந்தப் பழக்கமே இல்லைங்க."

பொய் சொல்கிறோம் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. எங்கள் லயத்தில் வெற்றிலையும் அதோடு சேர்ந்த புகையிலையும் தேத்தண்ணி மாதிரி. காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக் களத்துக்குப் போகும்போது மடியில் இருக்கும். மழையில் நனைந்து நிற்கையில் உடம்புக்குச் சூடு. யாராவது வீட்டுக்கு வந்தால் முதலில் நீட்டுவது அதுதான். அதைப் பழக்கம் என்று யாரும் சொன்னதில்லை. பீடி குடிப்பதுதான் பழக்கம்.

வீக்கம் வடிந்தபின் ஒரு நாள் பல்லை எடுத்தார்கள். கதவுக்கு வெளியே சஹானாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே மெஷின் சத்தம், பிறகு அமைதி, பிறகு இரும்புத் தட்டில் எதுவோ விழுந்த சத்தம். விறைக்க ஊசி போட்டிருப்பதால் வலி தெரியாது என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் எனக்கு ஊசி போடவில்லையே. வெளியே வந்தபோது பஞ்சைக் கடித்துக்கொண்டு, கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். கண்ணில் மட்டும் தண்ணீர் நின்றது.

டொக்டர் என்னை அருகில் கூப்பிட்டு நிதானமாக விளங்கப்படுத்தினார். பல் இருந்த குழிக்குள் இரத்தம் வந்து நிறையும், அது உறைந்து கட்டியாகும். அந்தக் கட்டிதான் எலும்புக்கு மூடி. அதற்கு அடியில்தான் புதுச் சதையும், பிறகு எலும்பும் வளரும். அதனால் துப்பக் கூடாது. இன்றைக்குக் கொப்பளிக்கக் கூடாது. உறிஞ்சிக் குடிக்கக் கூடாது. பீடி, சிகரெட் குடிக்கக் கூடாது. விரலோ நாக்கோ அங்கே போகக் கூடாது. எச்சிலில் இரத்தம் கலந்து வந்தால் பயப்படாமல் விழுங்கிவிட வேண்டும்.

"உடம்பு தன் வேலையைச் செய்யும், நங்கி. நீங்க அதைக் குழப்பாம இருந்தாப் போதும்."

இதை வார்த்தைக்கு வார்த்தை அவருக்குச் சொன்னேன். தலையாட்டினார்.

ஆனால் லயத்துக்கு வந்து ஊசியின் விறைப்பு விட்டதும் இரத்தம் கசியத் தொடங்கியது. எச்சிலோடு கலந்து வாய் நிறைய வருவதுபோல் இருந்தது. விழுங்குவதற்கு அவருக்குக் குமட்டியது. வாசலில் தண்ணீர் ஓடும் கானோரம் குனிந்து துப்பினார், சிவப்பாக. நான் அலறிவிட்டேன். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் பாக்கியம் அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார். அவர் கொழுந்தெடுக்கிறவர். நாங்கள் இந்த லயத்துக்கு வந்த நாளிலிருந்து எங்களுக்கு எல்லாம் அவர்தான்.

"என்ன தம்பி, ஒரு பல்லுக்கு இவ்வளவு ரத்தமா?"

"நிக்க மாட்டேங்குதுக்கா" என்றார் இவர்.

"அட்டை கடிச்சா என்ன செய்வோம்? அதுதான். இந்தா." மடியை அவிழ்த்து ஒரு கிள்ளு புகையிலை எடுத்தார்.

மழைக்காலத்தில் எங்கள் மலைகளில் அட்டை கடிக்காத கால் கிடையாது. அட்டை விழுந்த பிறகும் அந்தச் சின்ன ஓட்டையிலிருந்து இரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். அதன்மேல் நனைத்த புகையிலையை வைத்து அழுத்துவார்கள். நிற்கும். எல்லோரும் செய்வது, நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எனக்கும் செய்தது.

டொக்டர் எதுவும் வைக்கக் கூடாது என்று சொன்னாரா, விரல் வைக்கக் கூடாது என்று மட்டும்தான் சொன்னாரா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். "என்னங்க, வேணாமே" என்று ஒரு தடவை சொன்னேன். "பீடி குடிக்கத்தானே வேணாம்னாங்க" என்று சொல்லிவிட்டு, அவர் அதை விரலால் உருட்டி உள்ளே வைத்துக் கடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் இரத்தம் நின்றது. பாக்கியம் அக்காவுக்கு நானே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். மனசுக்குள் கும்பிடக்கூடச் செய்தேன்.

அடுத்த நாள் நன்றாகத்தான் இருந்தார். அதற்கு மறுநாள் வலி வந்தது. பல் எடுக்கும் முன் இருந்த வலி மாதிரி இல்லை. குழியிலிருந்து கிளம்பி காதுக்குள் போய், நெற்றிப் பொட்டில் குத்தி நிற்கிற வலி. மாத்திரைக்கு அடங்கவில்லை. சஹானா கிட்டே வந்து முத்தம் கொடுத்துவிட்டு, "அப்பா நாத்தம்" என்று ஓடினாள். எனக்கும் அந்த வாடை வந்தது. செத்த எலி வாடை.

அன்றைக்குத்தான் டோர்ச் அடித்துப் பார்த்தேன். கறுத்த ஓரங்களோடு ஒரு குழி. மூடி எதுவும் இல்லை. அடியில் சாம்பல் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அது அவருடைய எலும்பு என்று விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விளங்கியதும் டோர்ச்சை அணைத்துவிட்டேன். எங்கள் மேல் லயத்தில் ஒருவர் கன்னத்தில் புண் வந்து கண்டி பெரியாஸ்பத்திரிக்குப் போனார், வைத்தியம் பார்க்கிறதற்குள் எல்லாம் முற்றிவிட்டது. அந்த வீட்டுப் பிள்ளை என்னிடம்தான் படித்தாள். அவருக்கும் முதலில் இப்படித்தான் நாறியது என்று அப்போதே கேள்விப்பட்டிருந்தேன். இதை இவரிடம் சொல்லவில்லை. "புறப்படுங்க" என்று மட்டும் சொன்னேன்.

டொக்டர் குழியைக் கழுவினார். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் போன்ற மருந்தை ஊசிக்குழாயால் மெதுவாக அடித்தார். கிண்ணத்தில் பழுப்பு நிறத்தில் நார் நாராக விழுந்தது. அதை இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"மல்லி, இது என்ன?"

இவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"பொயிலைங்க டொக்டர். ரத்தம் நிக்கலை. அட்டைக் கடிக்கு வைக்கிறதுதாங்க."

டொக்டருக்கு விளங்கவில்லை. நான் சிங்களத்தில் சொன்னேன், அட்டை, கால், இரத்தம், புகையிலை என்று. சொல்லச் சொல்ல எனக்கே கேவலமாக இருந்தது. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் முகமூடியைக் கீழே இறக்கிவிட்டார். பிறகு தமிழில் சொன்னார்.

"காலில் அட்டை கடிச்சா தோலில் சின்ன ஓட்டை. அது எப்படியும் நிக்கும். இது எலும்பில் பெரிய கிணறு மாதிரி. இதுக்கு அந்த ரத்தக்கட்டி வேணும். புகையிலை அதைக் கரைச்சுப் போட்டுடும். சுத்தி இருக்கிற ரத்தக் குழாய் எல்லாம் சுருங்கிடும், புது ரத்தம் வராது. அதான் குழி காய்ஞ்சு போச்சு. எலும்பு வெறுமையா இருக்கு, காத்துப் பட்டாலே வலிக்கும்."

பிறகு கன்னத்தை விலக்கிப் பார்த்தவர் அங்கேயே நின்றுவிட்டார். இவர் புகையிலையை அடக்கிக்கொள்ளும் இடம் அது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். உள்கன்னத்தில் சுருக்கம் விழுந்த ஒரு வெள்ளைத் திட்டு, தண்ணீரில் ஊறிய விரல் நுனி மாதிரி.

"எவ்வளவு காலமா போடுறது?"

"வேலைக்குப் போன நாள்லேர்ந்துங்க."

"நாள் முழுக்க?"

"தூங்குற நேரம் தவிரங்க."

டொக்டர் மெதுவாகத்தான் பேசினார். இந்தத் திட்டு புகையிலை உரசி உரசி வந்தது. பெரும்பாலும் நிறுத்தினால் மறைந்துவிடும். மறையவில்லை என்றால் அதில் ஒரு சின்னத் துண்டு வெட்டிச் சோதிக்க வேண்டும், கண்டிக்கு அனுப்புவார். குழிக்கு மருந்து வைக்க ஒன்றுவிட்டு ஒரு நாள் வர வேண்டும். அதற்கிடையில் புகையிலை கூடவே கூடாது. வெற்றிலை பாக்கும் கூடாது. "குழியும் திட்டும் ரெண்டும் அதே வாய்தான் மல்லி. ஒண்ணை விட்டாத்தான் ரெண்டும் ஆறும்."

கிராம்பு வாடை அடிக்கிற மருந்தைத் துணித் துண்டில் தோய்த்துக் குழிக்குள் வைத்தார். கொஞ்ச நேரத்தில் இவருடைய தோள்கள் கீழே இறங்கின. அவ்வளவு நாளும் தோளைத் தூக்கியே வைத்திருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது. பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

நிறுத்துவதைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. நிறுத்தியது அவர். நான் பக்கத்தில் இருந்து பயந்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான். சாப்பிட்டு முடித்ததும் கை தானாக மடிக்குப் போகும். ஒன்றும் இல்லாத மடியைத் தடவிவிட்டுத் திரும்பும். தலை வலிக்கிறது என்பார். சாதம் மண் மாதிரி இருக்கிறது என்பார். சஹானா ஒரு தட்டைத் தட்டிவிட்டதற்கு அவளைச் சத்தம் போட்டுவிட்டு, அவளைவிட அதிகமாக அழுதார். வேலைக் களத்தில் கூட்டாளிகள், "என்னப்பா, சாமியாராயிட்டியா? டீச்சரம்மா உத்தரவா?" என்று கிண்டல் செய்தார்களாம். இவர் வாயைத் திறந்து துணி வைத்த குழியைக் காட்டினாராம். அதற்குப் பிறகு யாரும் நீட்டவில்லையாம்.

நான் நம்பவில்லை. அவர் குளிக்கப் போனபோது சட்டையை எடுத்து மோந்து பார்த்தேன். கையும் களவுமாகப் பிடிபட்டேன்.

"என்ன, பொலிஸ் நாயா நீ?"

"இல்ல... துவைக்கலாம்னு."

"நேத்துத்தானே துவைச்ச." தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார். "இன்னைக்கு ஒரு கிள்ளு கையில வாங்கிட்டேன். வாய்க்கிட்ட வரைக்கும் கொண்டு போனேன். அந்த எலும்பு ஞாபகம் வந்துச்சு. போட்டுட்டேன் கான்ல."

பாக்கியம் அக்கா எங்கள் வாசலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். கோபமோ என்று நினைத்தேன். பிறகு பார்த்தால், வெற்றிலை போட வேண்டுமென்றால் லயத்தின் அந்தக் கோடிக்குப் போய்விடுகிறார், வாடை இவருக்கு வரக் கூடாதென்று. தினமும் கஞ்சி மட்டும் மூடி போட்ட சட்டியில் எங்கள் படியில் இருக்கும். மிளகு கூடப் போடாமல், ஆறவைத்து. "நான் போட்ட பொயிலைக்கு நான்தானே கஞ்சி ஊத்தணும்" என்று ஒரு நாள் தூரத்தில் நின்றே சொன்னார்.

மருந்து மாற்றும் நாட்களில் டொக்டர் என்னையும் பார்க்கச் சொல்வார். இப்போது சொல்லப் போவதை எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை. முதலில் எலும்பின் ஓரத்தில் சிவப்பாகச் சின்னச் சின்ன மணிகள் தெரிந்தன. மாதுளம்பழத்தைப் பிளந்த மாதிரி. புண் பெரிதாகிறது என்று பயந்தேன். "இல்ல நங்கி, இந்தச் சிவப்புதான் நல்லது. இது புதுச் சதை" என்றார். அடுத்த தடவை அந்த மணிகள் எலும்பின் மேல் ஏறியிருந்தன. அதற்கடுத்த தடவை எலும்பு தெரியவில்லை. அடியிலிருந்தும் ஓரத்திலிருந்தும் சதை வந்து, கிணறு தூர்வது போலக் குழி மேடாகிக்கொண்டு வந்தது. யாரும் அதற்கு வழி காட்டவில்லை. டொக்டர் கழுவினார், மருந்து வைத்தார். நான் கஞ்சியை ஊட்டினேன். ஆனால் எலும்பை எங்கே மூட வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று அந்தச் சதைக்கு யார் சொன்னது? அவர் கிண்டல் செய்கிறார், சஹானாவைத் திட்டுகிறார், வெறும் மடியைத் தடவுகிறார். அவருக்கே தெரியாமல் உள்ளே அந்த வேலை நடக்கிறது. ஒரு குழந்தையை வயிற்றில் வளர்த்த எனக்கு அது புதிதாக இருந்திருக்கக் கூடாது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் மயிர்க்கூச்செறிந்தது.

வெள்ளைத் திட்டுதான் என்னைத் தூங்கவிடவில்லை. குறைகிறதா, குறைகிறது என்று நானே நினைத்துக்கொள்கிறேனா? காலையில் குறைந்ததுபோல் இருக்கும், மாலையில் அப்படியே இருப்பதுபோல் இருக்கும். அவரிடம் வாயைத் திறக்கச் சொல்லிச் சொல்லி, கடைசியில் "இனிமே பாக்குறதுக்கு டிக்கட் போடப் போறேன்" என்றார்.

டொக்டர் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்த நாள் வந்தது. கன்னத்தை விரலால் விரித்து, விளக்கை இழுத்து, வெகுநேரம் பார்த்தார். விரலால் தடவினார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். நான் சஹானாவின் கையை அவள் கத்தும் அளவுக்குப் பிடித்திருந்திருக்கிறேன்.

"கண்டி வேண்டாம்" என்றார் டொக்டர்.

அவர் என் கையைப் பிடித்துக் கொண்டுபோய்க் காட்டினார். பனி விலகிய மலை மாதிரி, அந்தக் கன்னம் இளஞ்சிவப்பாக, ஈரமாக இருந்தது. ஓரத்தில் மெல்லிய நிழல் மட்டும். "இதுவும் போயிடும், திரும்பத் தொடங்காவிட்டால். இடைக்கிடை வந்து காட்ட வேணும்." பிறகு இவரைப் பார்த்து, "மற்றப் பக்கப் பல்லும் சரியில்ல. எப்ப எடுக்கலாம்?" என்றார்.

தள்ளிப் போடச் சொல்வார் என்று நினைத்தேன். "எடுத்துருங்க டொக்டர். இப்ப எனக்கு வேலை தெரியும்" என்றார்.

அந்தப் பல்லும் எடுத்தாயிற்று. போன தடவை போலவே, லயத்துக்கு வந்து விறைப்பு விட்டதும் இரத்தம் கசிந்தது. அவர் வாசற்படியில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் கொடுத்த பஞ்சைச் சுருட்டிக் கடித்துக்கொண்டார். பாக்கியம் அக்கா வந்து நின்றார், இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு. அக்கம்பக்கத்துப் பெண்கள் இரண்டு மூன்று பேரும் வந்துவிட்டார்கள். யாருடைய கையும் மடிக்குப் போகவில்லை. பஞ்சை மாற்றினேன். சிவப்பு. கொஞ்ச நேரம் கழித்து மாற்றினேன். அதுவும் சிவப்பு. ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போகலாமா, போன் அடிக்கலாமா என்று எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். அவர் என் முழங்காலில் கையை வைத்து அழுத்தினார். அடுத்த பஞ்சு ரோஸ் நிறமாக இருந்தது.

"தானா நிக்குதேடி" என்றார் பாக்கியம் அக்கா, தாழ்ந்த குரலில், தூங்குகிற பிள்ளைக்குப் பக்கத்தில் பேசுவதுபோல.

அப்போது அவர் எழுந்தார். வாய் எச்சிலால் நிறைந்திருந்தது, கன்னம் உப்பியிருந்தது. வேலைக்குப் போன நாளிலிருந்து துப்பிப் பழகிய மனிதர். கானோரம் போனார். குனிந்தார். நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. நிமிர்ந்தார். திரும்பி வந்து, படியில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.